முன்னால் போவது நம் ஆள் என்றால் பின்னால் இருப்பவர் இழுக்கலாமா?

கேள்வி:

எனக்கு 34 வயது. கோவையில் மென்பொருள் வேலை. நான்கு வருடமாக ரோடு பைக், அதாவது பந்தய சைக்கிள், ஓட்டுகிறேன். எங்கள் குழுவிலிருந்து ஐந்து பேர் ஒரே ஜெர்சியில் பந்தயங்களுக்குப் போகிறோம். போன மாதம் 12 கிலோமீட்டர் சுற்றை ஆறு முறை ஓட்டும் பந்தயம். மொத்தம் 72 கிலோமீட்டர், சுமார் 40 பேர். நாலாவது சுற்றில் நானும் இன்னும் இரண்டு பேரும் கூட்டத்தை விட்டு முன்னால் போனோம். ஒருவர் பச்சை ஜெர்சி அணி, மற்றவர் தனியாக வந்தவர். 55-ஆவது கிலோமீட்டரில் எங்களுக்கு 40 வினாடி இடைவெளி இருந்தது. அப்புறம் அது கரைய ஆரம்பித்தது. முடிய 5 கிலோமீட்டர் இருக்கும்போது பிடித்துவிட்டார்கள். கூட்டத்தின் முன்னால் நின்று இழுத்துக்கொண்டு வந்தது எங்கள் அணியின் மூத்தவர்! எல்லோரும் அண்ணா என்று கூப்பிடுகிறவர். எனக்கு முதல் சைக்கிள் பார்த்து வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். எங்களைப் பிடித்த அடுத்த நிமிடமே பச்சை ஜெர்சியில் இன்னொருவர் பாய்ந்து போய் ஜெயித்துவிட்டார். அதுவரை அவர் ஒரு முறைகூட முன்னால் வந்து எதிர்க்காற்றைத் தாங்கவில்லை. எங்கள் ஐந்து பேரில் சிறந்த இடம் 9. வாட்ஸ்அப் குழுவில் நான் கோபமாக எழுதினேன். அண்ணா மூன்று வாரமாகப் பேசவில்லை. அந்தப் பந்தயத்தில் நாங்கள்தான் பலமான அணி. ஏன் தோற்றோம்? நான் வேறு அணிக்குப் போய்விடலாமா?

– கோவை வாசகர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார் (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை முழுக்க உங்கள் பக்கம்தான் நின்றேன். தன் அணிக்காரர் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது, பின்னால் இருப்பவர் கூட்டத்தை இழுத்து வந்து, அதாவது முன்னால் நின்று தானே காற்றைத் தாங்கி மற்றவர்களைத் தன் மறைப்பில் வேகமாகக் கூட்டி வந்து, அவரைப் பிடிக்கக் கூடாது. ரோடு பந்தயத்தில் புதிதாக வருகிறவருக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான். இரண்டாம் தடவை படித்தபோது உங்களிடம் கேட்க எனக்குச் சில கேள்விகள் இருந்தன. இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் அந்த 17 கிலோமீட்டரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் மூவரும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 வினாடி என்றால் சாலையில் 440 மீட்டர் சொச்சம். நேர் சாலையில் கண்ணுக்குத் தெரிகிற தூரம். அடுத்த 12 கிலோமீட்டரை நீங்கள் 18 நிமிடத்தில் கடப்பீர்கள். பின்னால் வருகிறவர்கள் அதையே 17 நிமிடம் 20 வினாடியில் கடந்தால் உங்களைப் பிடித்துவிடலாம். அதற்குத் தேவையான வேகம் மணிக்கு 41.5 கிலோமீட்டர். வெறும் ஒன்றரை கிலோமீட்டர்தான் வித்தியாசம். பலமான ஒருவர் மனம் வைத்து இழுத்து, அவ்வப்போது இரண்டொருவர் கைகொடுத்தாலே போதும். உங்கள் அண்ணா மனம் வைத்தார்.

அவர் முன்னால் வராமல் இருந்திருந்தால் அந்த வேலையை யார் செய்திருப்பார்கள்? பச்சை ஜெர்சிக்காரர்கள் இழுக்க மாட்டார்கள், அவர்களுடைய ஆள் உங்களோடு முன்னால் இருக்கிறார். உங்கள் அணியும் இழுக்க வேண்டியதில்லை. மிச்சம் இருந்தவர்களில் பலர் தனித்தனியாக வந்தவர்கள் என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். தனியாக வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். 'நான் இழுத்தால் இவன் என் பின்னால் உட்கார்ந்து கடைசியில் என்னைத் தாண்டிப் போவான்' என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். அந்தத் தயக்கம்தான் முன்னால் போகிறவர்களுக்கு மூலதனம். மூன்று பேரை விட முப்பத்தேழு பேர் எப்போதும் பலசாலிகள்தான். ஆனால் அந்த முப்பத்தேழு பேரும் ஒரே விஷயத்தை விரும்ப வேண்டுமே. உங்கள் அண்ணா அவர்கள் எல்லோருடைய தயக்கத்தையும் ஒரே ஆளாகத் தீர்த்து வைத்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது காற்று. சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. வேகம் கூடக் கூட அந்த வேலை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 36-லிருந்து 40-க்கு வேகத்தை ஏற்றினால், வேகம் 11 சதவீதம்தான் கூடுகிறது, காற்றுக்குச் செலவாகும் வலு ஏறக்குறைய 37 சதவீதம் கூடிவிடுகிறது. பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு அதில் பெரும் மிச்சம். நெதர்லாந்தில் பெர்ட் பிளாக்கன் என்ற பேராசிரியரின் குழு 2018-இல் 121 சைக்கிள்கள் கொண்ட பெலோட்டானை, அதாவது நெருங்கி ஓட்டும் பந்தயக் கூட்டத்தை, ஆராய்ந்து, கூட்டத்தின் நடு, பின்பகுதியில் இருப்பவருக்குத் தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றுத்தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் இருக்கும் என்று கண்டது. உங்கள் கூட்டம் சின்னது, அவ்வளவு மறைப்பு கிடைத்திருக்காது. ஆனாலும் ஜெயித்த அந்தப் பச்சை ஜெர்சிக்காரர் 67 கிலோமீட்டர் எங்கே ஒளிந்திருந்தார் என்று இப்போது புரியும். அவர் சோம்பேறித்தனமாக வந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு தொனி இருக்கிறது. அது சரியில்லை. தன் ஆள் முன்னால் இருக்கும்போது அவர் செய்ய வேண்டிய வேலையே அதுதான். முன்வரிசைக்குப் பக்கத்தில் இருப்பது, இழுக்காமல் இருப்பது, யாராவது துரத்திப் பாய்ந்தால் அவர் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போவது, முன்னால் இருப்பவரைப் பிடித்துவிட்டால் எல்லோரும் மூச்சு வாங்கும் அந்தப் பத்து வினாடியில் தான் பாய்வது. அவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பந்தயம் ஓட்டினார்கள். நீங்கள் ஐந்து பேர் ஐந்து பந்தயம் ஓட்டினீர்கள்.

இப்போது என் கேள்விகளுக்கு வருகிறேன். உங்களுக்கு ஸ்பிரிண்ட், அதாவது முடிவுக்கோட்டுக்கு முன் முழு வேகத்தில் பாயும் கடைசிப் பாய்ச்சல், வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு முன்னால் போன பச்சை ஜெர்சிக்காரர் போன வருடம் இரண்டு பந்தயங்களை ஸ்பிரிண்டில் ஜெயித்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்படியானால், மூவரும் முடிவுக்கோட்டுக்கு ஒன்றாகப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவருக்கு முதலிடம், உங்களுக்கு இரண்டோ மூன்றோ. இதைத் தெரிந்துகொண்டும் நீங்கள் முறை தவறாமல் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். உங்கள் அணியிலோ 24 வயதுத் தம்பி ஒருவர் நல்ல ஸ்பிரிண்டர், அவர் பின்னால் கூட்டத்தில் இருந்தார்.

அண்ணா இதை யோசித்துத்தான் இழுத்தாரா, வெறும் பதற்றத்தில் இழுத்தாரா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் அவரிடம் கேட்கவில்லை. யோசித்து இழுத்திருந்தால் அதில் நியாயம் உண்டு. முன்னால் இருக்கும் நம் ஆள் ஜெயிக்க வழியில்லை, பின்னால் நம் ஸ்பிரிண்டர் தயாராக இருக்கிறார் என்றால், பிரேக்அவேயை, அதாவது கூட்டத்தை விட்டு முன்னால் போனவர்களை, திரும்பப் பிடிப்பது நல்ல அணிகளும் செய்கிற வேலைதான். ஆனால் அப்படிச் செய்வதானால் முன்னால் இருப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் நீங்கள் முன்னால் இழுக்காமல் மற்ற இருவர் பின்னால் உட்கார்ந்து வந்திருப்பீர்கள். 'என் ஸ்பிரிண்டர் பின்னால் இருக்கிறார், நான் இழுக்க மாட்டேன்' என்று அவர்களிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருந்தது. பிடிபட்ட பிறகு தம்பிக்கு உதவக் காலில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பீர்கள். நடந்தது வேறு. ஒரே அணியில் ஒருவர் முன்னால் ஓடவும் ஒருவர் பின்னால் துரத்தவும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோனார்கள். கடைசி 5 கிலோமீட்டரில் தம்பிக்குத் துணையே இல்லை.

பலமானவர்கள் கூடியதாலேயே அணி ஆகிவிடாது என்பதற்கு நான் சொல்லித் தரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது 2021 ஜூலை 25-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ரோடு பந்தயம். 137 கிலோமீட்டர். நெதர்லாந்து அணியில் ஆனமீக் வான் ஃப்ளூட்டன், ஆனா வான் டெர் பிரெகன், மரியானா வோஸ், டெமி வோலரிங் என்று நான்கு பேர். அன்றைய உலகத்தில் அதைவிடப் பலமான நால்வரைச் சேர்ப்பது கடினம். ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர் ஆனா கீசன்ஹோஃபர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அவருக்குத் தொழில்முறை அணி ஒப்பந்தம் இல்லை, அந்தப் பந்தயத்தில் அவருடைய நாட்டிலிருந்து வேறு யாரும் இல்லை. கொடி அசைந்ததும் பாய்ந்து முன்னால் போன சிலரில் அவரும் ஒருவர். கடைசி 40 கிலோமீட்டர் அளவுக்குத் தனியாகவே ஓட்டினார். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. முன்னால் எத்தனை பேர், எவ்வளவு தூரம் என்பது பின்னால் இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அவரோடு போன மற்றவர்களைப் பிடித்தபோது எல்லோரையும் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். வான் ஃப்ளூட்டன் தங்கம் வென்றதாக நம்பிக் கையை உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டினார். கீசன்ஹோஃபர் 75 வினாடிக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்.

நம் ஊர்ப் பந்தயங்களிலும் ரேடியோ கிடையாது. அதனால் தகவலை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சுற்றுப்பாதை என்றால் நண்பர் ஒருவரை ஒரு திருப்பத்தில் நிறுத்தி, எத்தனை பேர் முன்னால், எத்தனை வினாடி என்று கத்தச் சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால், முன்னால் போகிறவர்கள் ஒரு மைல்கல்லையோ மின்கம்பத்தையோ தாண்டும்போது எண்ண ஆரம்பித்து, நீங்கள் அங்கே வரும்வரை எண்ணுங்கள். இது ஒரு வேலை. இதற்கென்று ஒருவர் இருக்க வேண்டும். உங்களில் மெதுவானவர் என்று நீங்கள் எழுதிய அந்த ஐந்தாவது நண்பருக்கே இதைக் கொடுக்கலாம். பந்தயத்தின் முதல் பாதியில் சின்னச் சின்னப் பாய்ச்சல்களைத் துரத்தி மூடுவதும் அவரால் முடியும். அவர் பந்தயத்தை முடிக்காமல் இறங்கியதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். 50 கிலோமீட்டர் வரை மற்ற நால்வரைக் காற்றிலிருந்து காப்பாற்றிவிட்டு ஒருவர் இறங்கினால் அவர் தன் பந்தயத்தை முடித்துவிட்டார் என்றே அர்த்தம்.

பஞ்சர் ஆனால் யார் யாருக்குச் சக்கரம் கொடுப்பது என்பதையும் பேசி வையுங்கள். ஐந்து பேர் சைக்கிளும் டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா, பின்னால் 11 பல்சக்கரமா 12-ஆ என்று பாருங்கள். பொருந்தாத சக்கரத்தைக் கொடுத்துப் பயன் இல்லை. 1934-இல் டூர் டி பிரான்ஸ் என்ற பல நாள் சைக்கிள் பந்தயத்தில் 20 வயது ரெனே வியெட்டோ, பிரனீஸ் மலை இறக்கத்தில் தன் அணித்தலைவர் அந்தோனன் மாஞ்ஞுக்கு முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுத படம் இன்றும் இருக்கிறது. மறுநாளும் தலைவருக்குச் சிக்கல். இந்த முறை வியெட்டோ, இறங்கி வந்த மலையிலேயே திரும்ப ஏறிப் போய் உதவினார். மாஞ் அந்த டூரை ஜெயித்தார், வியெட்டோ ஐந்தாவது இடம். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அவர் கொடுத்ததை உலகமே பார்த்தது. நம் பந்தயங்களில் கொடுப்பவரை யாரும் பார்ப்பதில்லை. சம்பளமும் இல்லை. தொழில்முறை அணிகளில் பரிசுப் பணத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கம் உண்டு. நீங்களும் அதைச் செய்யுங்கள், தொகை 2,000 ரூபாயாக இருந்தாலும் ஐந்தாகப் பிரியுங்கள். யாருக்காக ஓட்டுவது என்பதையும் பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றுங்கள். எப்போதும் ஒருவருக்காகவே நால்வர் உழைக்கும் அமெச்சூர் அணி நீடித்து நான் பார்த்ததில்லை.

காற்றைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாசலில். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் சுழல்வதைத் தினமும் பார்க்கிறீர்கள். பல்லடத்திலிருந்து உடுமலைக்குத் தெற்கே போனால் அந்தக் காற்று வலப்பக்கம் அடிக்கும். பக்கக் காற்றில் நேர் பின்னால் மறைப்பு கிடைக்காது. முன்னால் இருப்பவருக்குச் சற்று இடப்பக்கம் தள்ளி நிற்பவருக்குத்தான் கிடைக்கும். அவருக்கும் இடப்பக்கம் அடுத்தவர். இப்படிச் சாய்வாக ஐந்து பேர் விரிந்தால் சாலை முடிந்துவிடும், ஆறாவது ஆளுக்கு மறைப்பே இல்லை. ஐந்து பேர் கொண்ட அணி நாற்பது பேர் கொண்ட கூட்டத்தை உடைக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். இதை உங்கள் அணி பழகினால் அந்தப் பகுதிப் பந்தயங்களில் பெரிய பலம். ஆனால் போக்குவரத்து ஓடும் சாலையில் இரண்டு பேருக்கு மேல் விரியாதீர்கள். திரும்பி வரும்போது காற்று இடப்பக்கம் மாறும், விரிவு லாரி வரும் பக்கம் போகும். தடுத்து மூடிய பாதை கிடைக்கும் நாளில் மட்டும் முழுதாகப் பழகுங்கள்.

இனி அண்ணா. வாரயிறுதி ரைடுகளில் அவர்தான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவார், யாராவது பின்தங்கினால் திரும்பிப் போய்க் கூட்டி வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பரே, பந்தயத்தன்றும் அவர் அதையேதான் செய்தார். கூட்டம் மந்தமாகப் போகிறது, யாரும் முன்னால் வரவில்லை, உடனே அவர் கால் தானாக முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல மனிதராக இருந்த பழக்கம் அது. பந்தயத்தில் அந்த நற்குணத்தைப் பிடித்து வைப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். என் இருபதுகளில் ஒரு பந்தயத்தில், யாரும் இழுக்கவில்லையே என்ற எரிச்சலில் முன்னால் போய் எட்டுக் கிலோமீட்டர் இழுத்தேன். நான் பிடித்தது என் அறைத்தோழனை. முன்னால் இருப்பவர்களில் அவனும் ஒருவன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவன் அன்று இரவு சாப்பாட்டுத் தட்டோடு வேறு அறைக்குப் போனது இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் வாட்ஸ்அப்பை மூடிவிட்டு நேரில் போங்கள். மற்ற மூவர் வேண்டாம், நீங்கள் மட்டும். உங்களைவிட மூத்தவரைப் பலர் முன்னால் எழுத்தில் கேட்டதுதான் அவரை அதிகம் காயப்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். 'ஏன் இழுத்தீர்கள்' என்று தொடங்காதீர்கள். 'அந்த அஞ்சாவது சுற்றில் உங்களுக்கு என்ன தெரிஞ்சுதுண்ணா?' என்று கேளுங்கள். ஸ்ட்ராவா செயலியில் பதிவான ஓட்டத்தை இரண்டு பேரும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். முன்னால் ஸ்பிரிண்டரை வைத்துக்கொண்டு நீங்கள் இழுத்துக்கொண்டே போன தவறை நீங்களே முதலில் சொல்லுங்கள். வேறு அணிக்குப் போவது பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். இப்போது போனால் அங்கேயும் இதே பேச்சு பேசப்படாமல்தான் இருக்கும்.

அவரிடம் பேசி முடித்ததும் ஐவரும் உட்கார்ந்து வேலை பிரியுங்கள். தம்பிக்கு நீளமான லீட்-அவுட் ரயில், அதாவது ஸ்பிரிண்டரைக் கோடு வரை மறைத்து இழுத்துப் போகும் அணி வரிசை, எல்லாம் அமைக்க முயலாதீர்கள். அமெச்சூர் பந்தயத்தில் ஒரே ஒரு நல்ல ஆள் போதும், அந்த ஆள் அண்ணாதான். 12 கிலோமீட்டர் தனியாகக் கூட்டத்தை இழுக்க முடிந்தவர், கடைசி 2 கிலோமீட்டரை யாரும் தாண்ட முடியாத வேகத்தில் இழுத்து, கோட்டுக்கு 200 மீட்டர் இருக்கும்போது விலகித் தம்பியை விடலாம். நீங்களும் நாலாவது நண்பரும் முன்னால் பாய்கிறவர்கள். ஒருவர் பிடிபட்டதும் அடுத்தவர், பச்சை ஜெர்சி செய்தது போலவே. கபடியில் கார்னரில் நிற்பவர் தனியாகப் பாய்ந்தால் ரெய்டர் அவரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிடுவார், செயினில் கை கோத்தவர்களோடு சேர்ந்து பாய்ந்தால் ரெய்டர் பிடிபடுவார். யார் பாயும்போது யார் அசையாமல் நிற்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்.

அடுத்த பந்தயத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது என்றீர்கள். அதில் ஒரு முறை அண்ணாவுக்காக ஓட்டிப் பாருங்கள். அவருக்கு ஸ்பிரிண்ட் கிடையாது, ஆனால் எல்லோருடைய கண்ணும் தம்பி மேல் இருக்கும். முடிய மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது நீங்கள் ஒரு தடவை பாயுங்கள். உங்களைப் பிடித்து எல்லோரும் மூச்சு வாங்கும்போது அண்ணா கூட்டத்தின் ஓரத்திலிருந்து போகட்டும். தம்பியின் பின்சக்கரத்துக்குக் காத்திருப்பவர்கள் சில வினாடி தயங்குவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் நால்வரும் முன்வரிசையில் இருங்கள், துரத்திப் போகிறவர் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், யாரையும் மறிக்காதீர்கள், பிரேக் போடாதீர்கள், இழுக்கவும் செய்யாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.